சலுகை வேண்டாம்: ஆம்பூர் ஆற்றில் ஒன்பது கூடை

போன வருஷம் ஆம்பூர் தட்டெறி ஆட்டத்தில் நான் மூன்றாவதாக வந்தேன். நம் கையெழுத்துப் பத்திரிகையில் அதைப் பெரிய எழுத்தில் போட்டீர்கள், நன்றி. ஆனால் பாதியைத்தான் போட்டீர்கள். அன்றைக்கு ஆற்று மணலில் நின்று முடிவைப் படித்தவர், "மூணாவது, குடியாத்தம் சேகர், சலுகையோட" என்று படித்தார். உடனே எல்லோரும் கை தட்டினார்கள். நடை பழகும் குழந்தை நாலு அடி வைத்தால் தட்டுவார்களே, அந்தத் தட்டு.

சலுகை என்பது இதுதான். தோல் பதனிடும் ஊர்க்காரர்கள் எத்தனை எறி எறிந்தார்களோ அத்தனையும் கணக்கில் வரும். மற்ற ஊர்க்காரனுக்குக் கடைசியில் மூன்று எறி கழித்துவிடுவார்கள். பாவம், இவனுக்குத் தோல் தெரியாது என்று அர்த்தம். லுங்கித் தறி ஓட்டுகிற வீட்டுப் பையன்களான எனக்கும் என் கூட்டாளி தாமுவுக்கும் அந்த மூன்று எறி வருஷம் முழுக்கத் தொண்டையில் நின்றது. இந்த வருஷம் மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆடுவது, எங்கள் எறியை எங்கள் எறியாகவே எண்ண வைப்பது என்று முடிவு செய்துதான், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கிளம்பினோம்.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஷூ வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்து ஃபேக்டரி முற்றத்தில் வீசிக் காட்டினாராம். அவர் ஊரில் தோட்டம் முழுக்கக் கூடை நட்டு, எத்தனை எறியில் தட்டு கூடைக்குள் விழுகிறது என்று எண்ணுவார்களாம். குறைவாக எறிந்தவன் ஜெயித்தவன். அவர் விட்டுப்போன தட்டு ஆம்பூர் வெயிலில் இரண்டே மாதத்தில் கீறிப்போனது. ஆம்பூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஷூவுக்கு அடியில் தைக்கும் தடித்த தோலை வட்டமாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, சாப்பாட்டுத் தட்டின் மேல் கவிழ்த்து, கல்லைத் தூக்கி மேலே வைத்துக் காயவிட்டார்கள். விளிம்பு மடங்கியது. தட்டு பறந்தது.

கூடைகள், தோல் பதனிட மரப்பட்டை சுமக்கும் மூங்கில் கூடைகள். பாலாற்று மணலில் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது கூடைகளை இடுப்பு உயரக் கழிகளில் கட்டியிருப்பார்கள். ஒரு கூடைக்கும் அடுத்ததற்கும் நூறு, நூற்றிருபது அடி வைத்து நடக்க வேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்தே அடுத்த எறி. ஆரம்பித்த தட்டிலேயே முடிக்க வேண்டும். தட்டு உடைந்தால் ஆள் அவுட். அவ்வளவுதான் சட்டம்.

இனி பயணம். குடியாத்தம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில் நிலையம் ஐந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் நாற்பது பைசா. 6.10 பாசஞ்சரைப் பிடிக்க 5.30 பஸ்ஸில் ஏறினோம். பாசஞ்சர் 6.35க்கு வந்தது. டிக்கெட் ஒருவருக்கு ஒன்றே கால் ரூபாய். எங்கள் பெட்டியில் ஒரு பெரியவர் என் மடியிலிருந்த தட்டை முகர்ந்து பார்ப்பதுபோலக் குனிந்தார்.

"இன்னா தம்பி இது?"

"அப்பளம் பெரியவரே. ஆம்பூர்ல ஒரு கல்யாணம். மாப்ள வூட்டுக்காரங்களுக்குப் பல்லு ஜாஸ்தி."

பச்சகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆம்பூரில் இறங்கும்போது, "பாத்து, மாப்ளைக்கே போட்டுடப் போற" என்றார். நம்பவில்லை.

அவர் முகர்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் தட்டில்தான் ரகசியமே. தோல் தட்டுக்கு ஒரு வியாதி: பத்து மணி வெயில் ஏறியதும் இளகி, தொங்கிப்போன அப்பம் மாதிரி ஆகிவிடும். ஆம்பூர்க்காரர்கள் அதற்காகவே காலையில் வேகமாக ஆடி முடிப்பார்கள். நாங்கள் யோசித்தோம். நூல் இளகினால் நம் வீட்டில் என்ன செய்கிறோம்? பாவு நூல் விறைக்கக் கஞ்சி போடுகிறோம். நூலுக்கு ஒத்துவருவது தோலுக்கு ஒத்துவராதா? அம்மா பாவுக்குக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியில் இரண்டு கரண்டி திருடி, தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, பிரஷ்ஷால் மூன்று பூச்சு பூசி நிழலில் காயவைத்தோம். தட்டினால் தகரம் மாதிரி சத்தம் வந்தது. உலகத்திலேயே தோலுக்குக் கஞ்சி போட்ட முதல் ஆட்கள் நாங்கள்தான் என்று தாமு ரயிலில் மூன்று முறை சொன்னான். ஏன் வேறு யாரும் போடவில்லை என்று இருவருமே யோசிக்கவில்லை.

ஆம்பூர் நிலையத்தில் 7.30க்கு இறங்கினோம். வழி கேட்கத் தேவையில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு போகத் தோன்றுகிற திசையில் போனால் ஆறு வரும். முதல் பத்து நிமிஷம் கஷ்டம், அப்புறம் மூக்கு சமாதானமாகிவிடும். இருபது நிமிஷ நடை. பண்டிகை லீவு என்பதால் தோல் பதனிடும் ஷாப்புகள் மூடியிருந்தன. ஆற்றில் ஓரமாகக் கணுக்கால் அளவு தண்ணீர், மற்றதெல்லாம் மணல்.

பதினான்கு பேர் வந்திருந்தார்கள். ஆம்பூர் ஏழு, வாணியம்பாடி மூன்று, பேரணாம்பட்டு இரண்டு, குடியாத்தம் நாங்கள் இரண்டு. நடத்துபவர் ரஷீத் பாய், ஷூ ஃபேக்டரியில் கட்டிங் மாஸ்டர். தோலை வெட்டுவது மாதிரியே பேச்சையும் வெட்டுவார். என் எதிரி இம்தியாஸ் அவரிடம் வேலை கற்கிறான். என்னைவிட ஒரு வயது மூத்தவன், இரண்டு வருஷமாக முதல் பரிசு அவனுக்குத்தான். என் தட்டுக்குத் தோல் கொடுத்ததும் அவன்தான். இப்படி ஒரு எதிரி கிடைப்பது கஷ்டம்.

"வாடா லுங்கி," என்றான் இம்தியாஸ். "இந்த வருஷமும் மூணு வாங்கினு போவ வந்தியா?"

"வாங்க இல்ல, திருப்பிக் குடுக்க வந்திருக்கேன். தோல் உங்க ஊருதுன்னா தோல்வி எங்க ஊருதா?"

நேராக ரஷீத் பாயிடம் போனேன். அவர் நோட்டில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பேருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று போட்டு வட்டமிட்டிருந்தது.

"பாய், அந்த மூணை அடிச்சிடுங்க."

"ஏன்? கம்மியா இருக்குதா?"

"வேணாம் பாய். எல்லாருக்கும் எப்பிடியோ எனக்கும் அப்பிடி."

"சலுகை உனக்கில்ல தம்பி, உங்க ஊருக்கு. ஊருக்குக் குடுத்ததை நீ எப்பிடி வேணாம்பே? போய் ஆடு, கடைசில பாக்கலாம்."

மூன்றை அவர் அடிக்கவில்லை. தாமு என் காதில், "விடுடா, அவரு எழுதினா எழுதட்டும். நாம மூணு ஜாஸ்தியா ஜெயிச்சிக் காட்டலாம்" என்றான். மூன்று எறி கூடுதலாக ஜெயித்தாலும் சலுகையோடு ஜெயித்தான் என்றுதானே படிப்பார்கள்? அது அவனுக்கு ஏறவில்லை.

8.30க்கு ஆரம்பம். இரண்டு இரண்டு பேராக அனுப்புவார்கள். கடைசி ஜோடி நானும் இம்தியாஸும். என் முதல் எறி கூடைக்கு நாலடி முன்னால் போய் விழுந்தது. இம்தியாஸ் என் தட்டை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தான். பிறகு முகர்ந்தான்.

"இன்னாடா இது, சோத்து வாசனை அடிக்குது?"

"காலைல சாப்ட்ட கை."

"நீ தட்டுல சாப்டுவியா, தட்டையே சாப்டுவியா?"

நாலாவது கூடை வரை சமமாகப் போனோம். ஐந்தாவது கூடையில் மணி பத்து. இம்தியாஸின் தட்டு லேசாக இளக ஆரம்பித்தது. ஒரு எறி நடுவிலேயே தலை கவிழ்ந்து விழுந்தது. என் தட்டு விறைப்பாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆறாவது கூடைதான் எல்லோருக்கும் பயம், ஏனென்றால் அது தோல் ஷாப் கழிவுக் கால்வாய்க்கு அந்தப் பக்கம். உள்ளே விழுந்தால் அபராதம் கிடையாது. நாமே கைவிட்டு எடுப்பதுதான் அபராதம். இருவரும் தாண்டினோம். ஆறு கூடை முடிந்தபோது நான் இருபது, அவன் இருபத்தொன்று. இம்தியாஸ் ஜோக் அடிப்பதை நிறுத்தியிருந்தான். அவன் பேசாமல் ஆடுவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஏழாவது கூடைக்கு முதல் எறி. என் வாழ்க்கையிலேயே நல்ல எறி அதுதான். காற்றை இழுத்துக்கொண்டு, கரையோரம் வளைந்து, கூடைக்கு முப்பதடி தள்ளி, மேய்ந்துகொண்டிருந்த ஆட்டு மந்தையின் நடுவில் அழகாக இறங்கியது.

ஒன்பது ஆடுகள் விலகி ஓடின. பத்தாவது ஓடவில்லை. முந்தின நாள் பண்டிகைக்குக் கொம்பில் பூசிய நீலப் பெயிண்ட்டோடு நின்று, தட்டை முகர்ந்தது, நக்கியது. அப்புறம் வாயில் கவ்வியது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அது தட்டோடு எதிர்ப்பக்கம் ஓடியது. கூடையிலிருந்து எண்பதடி தூரத்தில் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது. போய்ச் சேர்வதற்குள் விளிம்பில் ஒரு கை அகலத்துக்குக் காணோம்.

ஆட்டுக்கார அம்மா குச்சியோடு வந்து, என் கையிலிருந்த தட்டை முகர்ந்தார்கள். மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

"யாருடா தட்டு இது?"

"எங்களுதுதாம்மா."

"எம் ஆட்டுக்கு வவுத்து வலி வந்தா நீயா மருந்து ஊத்துவே? தோல்ல சோத்துக் கஞ்சிய தடவி எதுர்ல போட்டா, ஆடு திங்காம கும்புடுமா?"

இம்தியாஸ் மணலில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "கஞ்சியா? தோலுக்கா? டேய், லுங்கின்னு நெனச்சியாடா அத?"

ரஷீத் பாய் வந்து தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஒடைஞ்சிப் போச்சி. நீ அவுட்டு."

"ஒடையல பாய். ஒரு வாய் கொறைஞ்சிருக்கு, அவ்ளோதான்."

"தட்டுன்னா வட்டமா இருக்கணும்."

"நிலா தேஞ்சா அது நிலா இல்லையா பாய்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. நோட்டில் என் பேர் மேல் கோடு போட்டார். "பேஜார் பண்ணாத தம்பி. போய் நெழல்ல உக்காரு."

எனக்கு உட்காரத் தெரியாது. ஆடு தட்டைப் போட்ட இடத்துக்கு நடந்தேன். கூடைக்குப் பக்கத்தில் முன்பு விழுந்த இடத்திலிருந்து எறிந்திருக்கலாம், அவுட்டான ஆளை யார் கேட்பது? ஆனால் நான் அவுட்டாகவில்லை என்று காட்டுவதற்குத்தானே எறிகிறேன். அதனால் எண்பதடியிலிருந்து எறிந்தேன்.

"இன்னா பண்றான்?" என்றார் பாய்.

"ஆடறான்," என்றான், தன் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்திருந்த தாமு.

கடித்த தட்டு எடுத்தவுடன் இடது பக்கம் திரும்பி ஆற்றின் நடுவுக்குப் போய்விட்டது. இரண்டாவது எறியும் அதே மாதிரி. மூன்றாவதில்தான் புரிந்தது: கடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத் தட்டு திரும்புகிறது. கடியை உள்ளங்கைப் பக்கம் வைத்து, கூடைக்கு வலது பக்கமாக எறிந்தால் சுற்றி வந்து சேர்கிறது. நாலாவது எறியில் கூடைக்குள் விழுந்தது. ஆட்டுக்குப் போன எறியையும் சேர்த்து ஏழாவது கூடைக்கு ஐந்து. மொத்தம் இருபத்தைந்து. இம்தியாஸ் மூன்றில் முடித்து இருபத்துநாலு.

எட்டாவது கூடைக்கு இருவரும் நாலு நாலு. என் எண்ணிக்கையை யாரும் நோட்டில் எழுதவில்லை. நானே சத்தமாகக் கத்தினேன், "இருபத்தி ஆறு! இருபத்தி ஏழு!" என்று. ஆட்டம் முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் பின்னால் நடந்து வந்தார்கள். கடைசிக் கூடைக்கு முன்னால் இம்தியாஸ் என் பக்கத்தில் வந்து, "இருபத்தி ஒம்பதுதானே?" என்றான். அவனும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஆமா. நீ இருபத்தி எட்டு."

"தெரியும். நான் மூணுல போடுவேன். நீ ரெண்டுல போட்டா சமம்."

மூன்றில் போட்டான். முப்பத்தொன்று. என் இரண்டாவது எறி கூடையின் மூங்கில் விளிம்பில் உட்கார்ந்தது. உட்கார்ந்தே இருந்தது. கடி இல்லாத தட்டாக இருந்தால் உள்ளே விழுந்திருக்குமா, வெளியே விழுந்திருக்குமா, எனக்குத் தெரியாது. இது கடைசியில் வெளியேதான் விழுந்தது. பக்கத்தில் போய் மூன்றாவது எறியில் உள்ளே போட்டேன். முப்பத்திரண்டு.

ரஷீத் பாய் கூடைக்குள் கைவிட்டுத் தட்டை எடுத்தார். கடித்த விளிம்பை விரலால் தடவினார். "ஆரம்பிச்ச தட்டுலயே முடிச்சிருக்கான்," என்றார், யாரிடமோ சொல்வது போல. அப்புறம் நோட்டைத் திறந்தார். "தம்பி, சட்டத்துல ஆரம்பிச்ச தட்டுல முடிக்கணும்னுதான் இருக்குது. நீ முடிச்சிட்ட. உன்ன சேத்துக்கறேன். முப்பத்தி ரெண்டு, சலுகை மூணு போவ, இருபத்தி ஒம்பது. நீதான் மொதல்."

முதல் பரிசு ஒரு ஜோடி ஷூ. ஏற்றுமதிக்குத் தைத்து, தையலில் எங்கோ ஒரு முடிச்சு தவறியதால் ஓரமாக வைத்தது. பழுப்பு நிறம், எட்டாம் நம்பர். என் கால் எட்டாம் நம்பர். அந்தக் காலில் ரப்பர் செருப்பு, அதுவும் ஒரு வாருக்கு ஊக்கு.

தாமு என் முதுகில் கிள்ளினான். "வாங்கிக்கடா. ஷூடா!"

இம்தியாஸ் ஒன்றும் தடுக்கவில்லை. "குடுங்க பாய். ஆனா படிக்கும்போது சலுகையோடன்னு சேத்துப் படிங்க."

"படிக்க வேணாம்," என்றேன். ஷூவைப் பார்க்காமல் சொன்னேன். "முப்பத்தி ரெண்டுன்னே எழுதுங்க பாய்."

"எழுதினா இவன் மொதலு. நீ ரெண்டாவது. ரெண்டாவதுக்கு பெல்ட்டுதான்."

"எழுதுங்க."

பாய் என்னை ஒரு தரம் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பேனாவை எடுத்து, வட்டத்துக்குள் இருந்த மூன்றை அடித்தார். அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்தது. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்: "மொதலு, ஆம்பூர் இம்தியாஸ், முப்பத்தி ஒண்ணு. ரெண்டாவது, குடியாத்தம் சேகர், முப்பத்தி ரெண்டு."

அவ்வளவுதான். பின்னால் ஒன்றும் சேர்க்கவில்லை. இந்த முறை யாரும் செல்லமாகக் கை தட்டவில்லை. முப்பத்து மூன்றில் முடித்து இரண்டாவதாக வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த வாணியம்பாடிக்காரன் ஒருவன், "தட்டே ஒடஞ்சிப் போச்சி, இவன எப்பிடிச் சேத்தீங்க?" என்று பாயிடம் சண்டைக்குப் போனான். என்னைப் பார்த்து முறைத்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

மதியம் நெடுஞ்சாலை ஓரக் கடையில் அரை பிளேட் பிரியாணி, நாலு ரூபாய், கத்திரிக்காய் தாராளமாக வைப்பார்கள். இம்தியாஸும் வந்தான். புது ஷூ போட்டுக்கொண்டு மேஜைக்கு வெளியே காலை நீட்டி உட்கார்ந்தான், நான் பார்க்க வேண்டும் என்று. நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் இரண்டு தரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். 3.40 பாசஞ்சரில் திரும்பி, ஐந்தே கால் மணிக்கெல்லாம் வீடு.

அடுத்த வருஷம் போக நினைப்பவர்களுக்கு: 5.30 டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது ரயிலுக்குச் சேராது. வெயிலுக்குத் துண்டு, குடிக்கத் தண்ணீர் கையோடு வேண்டும். ஆற்றோரத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் இருந்தால் பிரியாணி உட்பட தாராளம். ஆறாவது கூடைக்கு இடது பக்கமிருந்து எறியுங்கள், கால்வாய் அங்கே குறுகல். தட்டுக்குக் கஞ்சி போடலாம், நன்றாகவே பறக்கும், ஆனால் மேலே ஒரு பூச்சு வேப்பெண்ணெய் கட்டாயம். நோட்டில் பேர் கொடுக்கும்போதே சலுகை வேண்டாம் என்று சொல்லுங்கள். உடனே கேட்க மாட்டார்கள், கேட்கிற வரைக்கும் சொல்லுங்கள். ஒரு எறியில் தோற்றுவிட்டு வருவது எப்படி இருக்கும் என்று கேட்டால், இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. போன வருஷம் மூன்றாவதாக வந்துவிட்டு நன்றாகத் தூங்கினேன். இந்த வருஷம்தான் நன்றாக இருந்தது.

சித்திரையில் நம் கவுண்டன்ய ஆற்று மணலில் ஒன்பது கூடை நடுவதாக நானும் தாமுவும் முடிவு செய்திருக்கிறோம். கூடைக்குச் சொல்லியாகிவிட்டது. இம்தியாஸுக்குக் கார்டு போட்டிருக்கிறேன். ஆம்பூர்க்காரர்களுக்கு மூன்று எறி சலுகை உண்டு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறேன்.